என் கையெழுத்தை எடுத்துவிடுங்கள்: எங்கள் பங்குப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

மதிப்பிற்குரிய பங்குச்சாமி அவர்களுக்கும், பங்குப் பேரவைத் துணைத் தலைவருக்கும், உறுப்பினர்களுக்கும், அன்பியப் பொறுப்பாளர்கள் எல்லோருக்கும் டீச்சர் எழுதிக்கொள்வது.

உங்களில் பாதிப் பேர் என்னிடம் தமிழ் படித்தவர்கள். மீதிப் பேரின் பிள்ளைகள் படித்தார்கள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். இதைக் கையால் எழுதி இரண்டு மாதத்துக்கு முன்பே சாமியிடம் கொடுத்தேன். அடுத்த கூட்டத்தில் வாசிக்கலாம் என்றார். இரண்டு கூட்டம் முடிந்துவிட்டது, வாசிக்கவில்லை. அதனால் இப்போது எல்லோருக்கும் பொதுவாக வைக்கிறேன். நம் பங்கின் பெயரை எழுதவில்லை. கோத்தகிரிப் பக்கம் என்று மட்டும் இருக்கட்டும். யாரையும் ஊர் முன்னால் நிறுத்த வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. ஒரு காகிதத்தில் போட்ட என் கையெழுத்தைத் திரும்பக் கேட்க வேண்டும், ஒரு வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் கடிதம் நீண்டுவிட்டது. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்தக் காகிதம். 2023 ஏப்ரல், ஈஸ்டர் முடிந்து இரண்டாவது ஞாயிறு. அந்த வாரம்தான் டெல்லியில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தன்பாலினத் திருமண வழக்கைக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். இரண்டாம் பூசை முடிந்து வெளியே வந்தால், குகை போலக் கட்டிய கெபிக்குப் பக்கத்தில் ஒரு மேசை. மேசை மேல் நாலு தாள், ஒரு பேனா. பேனா தொலைந்து போகாமல் ஊதாக் கம்பளி நூலால் மேசைக் காலோடு கட்டியிருந்தார்கள். தலைப்பில் பெரிய எழுத்தில் ‘சிறுபான்மையினர் உரிமையைக் காப்போம்’ என்று இருந்தது. கீழே பொடி எழுத்தில் இரண்டு பத்தி. நான் தலைப்பை மட்டும் வாசித்தேன். கண்ணாடி பைக்குள் இருந்தது. பனி இறங்கிக்கொண்டிருந்தது, பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. மூன்றாவது தாளில் கையெழுத்துப் போட்டேன்.

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவள் என் ஞானமகள். பாடகர் குழுவில் பத்து வருஷத்துக்கு மேல் கீபோர்டு வாசித்தவள், உங்களுக்கெல்லாம் தெரியும். அவள் கண்ணாடி போடுவதில்லை. பொடி எழுத்தையும் படித்தாள். அப்புறம் என் பெயரைப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. தோளில் இருந்த கீபோர்டை இறக்கி, அதன் உறையின் ஜிப்பை இழுத்தாள். அது பாதியில் துணியைக் கவ்விக்கொண்டது. அதைச் சரி செய்கிற சாக்கில் ரொம்ப நேரம் குனிந்தே இருந்தாள். அடுத்த ஞாயிறு பாடகர் குழுவுக்கு அவள் வரவில்லை. கீபோர்டை மட்டும் சக்ரீஸ்தில், பூசை உடுப்பு வைக்கிற அறையில், வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

அந்தத் தாளில் நாம் எதிர்த்தது அவளைத்தான் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் முழு உண்மை இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் நாலு வருஷமாக இருக்கிறார்கள். சாமான் வாங்குவதும் ஒன்றாக, சந்தைக்குப் போவதும் ஒன்றாக. கல்யாணப் பேச்சு எடுத்தால் இரண்டு பேரும் ஒரே மாதிரி தலையைத் தாழ்த்திக்கொள்வார்கள். எனக்குப் புரிந்துதான் இருந்தது. அதற்கு ஒரு பெயர் வைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் ஊரில் ‘அந்த மாதிரி’ என்பார்கள், அல்லது வசைச் சொல் சொல்வார்கள். தமிழ்நாடு அரசு 2022இல் உயர் நீதிமன்றம் சொன்னதன்பேரில் ஒரு சொற்பட்டியலையே வெளியிட்டது. தன்பாலீர்ப்பு, பால்புதுமையர் என்ற சொற்கள் அதில் இருக்கின்றன. முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் அந்தச் சொற்களை அறுபது வயதில்தான் கற்றுக்கொண்டேன். என் ஞானமகளே சொல்லிக் கொடுத்தாள்.

அந்த இன்னொரு பெண் யார் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூட வேனில் காலையில் கொண்டுபோய் மாலையில் கொண்டுவந்து விடுகிறவள். மே மாத மழையில் ரோட்டில் மண் சரிந்து கிடந்தபோது வேனை நிறுத்திவிட்டு, பிள்ளைகளை ஒவ்வொருத்தராகக் கைப்பிடித்துத் தாண்ட வைத்து அனுப்பியவள். அன்றைக்கு அவளைப் பற்றி நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எனக்கு நினைவிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் நடந்ததை இப்போது சொல்ல வேண்டும். இரண்டு பேரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஒரு ராத்திரி வேன்காரப் பெண்ணுக்கு வயிற்று வலி. குடல்வால் வெடிக்கிற நிலை. மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து கோயம்புத்தூர் போய்ச் சேரும்போது மணி பத்தரை. நானும் கூடப் போனேன். அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்து வேண்டும் என்று ஒரு படிவம் நீட்டினார்கள். ‘நோயாளிக்கு உறவு முறை’ என்று ஒரு கோடு. என் ஞானமகள் அதில் ‘தோழி’ என்று எழுதினாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் படிவத்தைத் திருப்பித் தள்ளினார். ரத்த சொந்தம் யாராவது, இல்லை என்றால் புருஷன் என்றார். இவள் ‘நாங்க ஒரே வீடுங்க’ என்றாள். ‘ஒரே வீடுன்னா பேயிங் கெஸ்டா?’ என்று அவர் கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அவருக்குத் தெரிந்த பெட்டி அவ்வளவுதான். ஆனால் இவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

அந்தப் பெண்ணின் அப்பா பந்தலூரில் இருக்கிறார். மகளோடு ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. அவருக்கு நான்தான் போன் போட்டேன். கூடலூர், ஊட்டி என்று அந்த இருட்டில் ஜீப் பிடித்து வந்தார். வழியில் யானை நின்றதாகச் சொன்னார். வந்து சேர்ந்தபோது விடிந்துவிட்டது. அதுவரை அந்தப் பெண் சுருண்டு கிடந்தாள். இவள் அவள் தலைமாட்டில் நின்றிருந்தாள், உட்காரவே இல்லை. அப்பா கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கையால் கையெழுத்துப் போட்டார். அரை நிமிஷம் ஆகியிருக்கும். ஆறு வருஷம் பேசாதவருக்கு அரை நிமிஷத்தில் கிடைத்த உரிமை, நாலு வருஷம் கூட இருந்து சோறு பொங்கிப் போட்டவளுக்கு ராத்திரி முழுக்க நின்றும் கிடைக்கவில்லை.

அந்த வராந்தாவில்தான் எனக்கு நம் காகிதம் ஞாபகம் வந்தது. கெபிக்குப் பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டது இதற்குத்தான் என்று புரிந்தது.

சரி, சட்டம் என்னதான் சொல்கிறது என்று அதற்குப் பிறகு தேடிப் படித்தேன். நம் காகிதத்தின் பொடி எழுத்தையும் கண்ணாடி போட்டுப் படித்தேன். ‘இந்தச் சட்டம் வந்தால் கோவில்களில் இப்படிப்பட்ட திருமணங்களை நடத்திவைக்கக் குருக்களைக் கட்டாயப்படுத்துவார்கள், நம் சிறுபான்மை உரிமை போய்விடும்’ என்று இருந்தது. இது தவறான செய்தி. மதங்களின் தனிச் சட்டங்களுக்குள் போக மாட்டோம் என்று நீதிபதிகள் விசாரணையின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். விவாதம் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தைச் சுற்றித்தான் நடந்தது. அது பதிவாளர் அலுவலகத்துச் சட்டம். முப்பது நாள் நோட்டீஸ், மூன்று சாட்சி, ஒரு பதிவேடு, அவ்வளவே. அதில் பீடம் இல்லை, திருப்பலி இல்லை, தாலி மந்திரிப்பு இல்லை. நம் 1872ஆம் ஆண்டின் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தில் யாரும் கை வைக்கக் கேட்கவில்லை. அரசியல் சட்டத்தின் 25, 26ஆம் பிரிவுகள் இருக்கிற வரை நம் பீடத்தில் யாருக்கு எந்த அருட்சாதனம் என்பதை நாம்தான் தீர்மானிப்போம்.

உதாரணத்துக்கு விவாகரத்தைப் பாருங்கள். கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டம் 1869இல் இருந்து இருக்கிறது. 2001இல் அதைத் திருத்தி, இருவரும் சம்மதித்தால் பிரியலாம் என்றும் சேர்த்தார்கள். நம் திருச்சபை அந்த விவாகரத்தை ஏற்பதில்லை. கோர்ட்டில் பிரிந்து வந்தவர் மறுமணம் கேட்டால் சாமி கோவிலில் கல்யாண ஓலை வாசிக்க மாட்டார். நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாகச் சட்டம் ஒரு பக்கமும் திருச்சபை ஒரு பக்கமும் இருந்து வந்திருக்கின்றன. கோவில் கதவு உடைந்துவிடவில்லை. விவாகரத்துச் சட்டத்தை ஒழிக்கச் சொல்லி நாம் ஒரு நாளும் கெபிக்குப் பக்கத்தில் மேசை போட்டதில்லை. நம் வீட்டுப் பெண்ணே குடிகாரப் புருஷனிடம் அடிபட்டு வந்து நின்றபோது, இதே பேரவையில் இருக்கிற ஒருவர்தான் அவளைக் குன்னூரில் வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போனார். நல்ல காரியம் செய்தார். அது திருச்சபைக்கு விரோதம் என்று அவர் நினைக்கவில்லை, நாமும் நினைக்கவில்லை.

தமிழ்நாட்டிலேயே இன்னொன்று நடந்திருக்கிறது. ஐயர் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாது என்று கோர்ட்டு சொன்ன காலம் உண்டு. அந்த வீடுகளில் பிறந்த பிள்ளைகளின் சொத்துரிமையே ஆட்டம் கண்டது. அண்ணா முதலமைச்சராக வந்ததும் 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்து, முன்பு நடந்தவற்றையும் சேர்த்தே செல்லும் என்று ஆக்கினார். அதனால் எந்தக் கோவிலிலும் மந்திரம் நின்றுபோகவில்லை. மந்திரம் வேண்டியவர்கள் மந்திரத்தோடு கட்டிக்கொண்டார்கள், வேண்டாதவர்கள் மாலை மாற்றிக்கொண்டார்கள்.

நம் மலையை விட்டுவிட்டு நான் ஏன் மெட்ராஸ் வரை போக வேண்டும்? நீலகிரியைப் பற்றி முதன்முதலில் எழுதிவைத்த ஐரோப்பியர் நம் திருச்சபையின் குருதான். 1603இல் ஃபினிசியோ என்ற இயேசு சபைச் சாமி மலையாளக் கரையில் இருந்து மேலே ஏறி வந்தார். மலைக்கு மேல் பழைய தோமா கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவர்களைத் தேடி வந்தவர். கண்டது தொதவர்களையும் படுகர்களையும். தொதவர்களின் திருமண முறையும் அவர் கடிதத்தில் வருகிறது. அந்த நாளில் அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒரு பெண்ணைக் கட்டுவது அவர்களிடம் வழக்கம். கர்ப்பமாக இருக்கும்போது செடியால் செய்த வில்லையும் அம்பையும் அவள் கையில் யார் கொடுக்கிறாரோ அவரே பிள்ளைக்கு அப்பா. காட்டு மரத்தில் முக்கோணமாக ஒரு மாடம் வெட்டி விளக்கு வைத்து அந்தச் சடங்கு நடக்கும். பல புருஷர் முறை போய்விட்டது, வில் கொடுப்பது இன்றைக்கும் இருக்கிறது. பழங்குடிகளுக்கு இந்து திருமணச் சட்டம் தானாகப் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அவர்கள் வழக்கம் அவர்களுக்கு. இதே மாவட்டத்தில், இதே ரேஷன் கடை வரிசையில், வில் கொடுத்துக் கட்டியவரும் தாலி கட்டியவரும் நிக்காஹ் செய்தவரும் மோதிரம் மாற்றியவரும் நிற்கிறோம். அவர்கள் கல்யாணத்தால் நம் கல்யாணம் கெட்டதாக நாம் ஒரு நாளும் நினைத்ததில்லை.

ஆனால் பயம் என்று ஒன்று இருக்கிறது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சிறுபான்மை என்ற சொல் நமக்கு மேடைச் சொல் இல்லை. என் அம்மா அப்பா சிலோனில் கொழுந்து பறித்தவர்கள். 1948இல் அந்த நாடு ஒரு சட்டம் போட்டது, எங்கள் ஜனத்துக்குக் குடியுரிமை இல்லாமல் போயிற்று. அடுத்த வருஷம் ஓட்டுரிமையும் போயிற்று. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. எங்களை யாரும் கேட்கவில்லை. எனக்குப் பத்து வயதில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்தோம், மண்டபம் முகாமில் கிடந்தோம், அப்புறம் இந்த மலைக்கு வந்து அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் அடுப்பு மூட்டினோம். பள்ளிக்கூடத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு வருஷம் ஆயிற்று. அதுவரை ‘சிலோன்காரி’தான். நம் பங்கில் முக்கால்வாசிக் குடும்பத்துக்கு இதே கதைதான்.

இன்னொன்றும் உண்டு. 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவராக இருந்தால் பட்டியல் சாதி இல்லை. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திருத்தினார்கள், நமக்கு இன்றுவரை இல்லை. ஒவ்வொரு ஆகஸ்ட் 10ஆம் தேதியும் கறுப்புக் கொடி கட்டுகிறோம். ‘உன் வாழ்க்கை இதுதான் என்று எங்களுக்குத் தெரியும், ஆனால் ஏட்டில் ஏற்ற மாட்டோம்’ என்று ஒரு அரசு சொன்னால் எப்படி வலிக்கும் என்று நமக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்? திருச்சபைக்குள்ளேயே தனிக் கல்லறை, தனி வரிசை என்று நம் பெரியவர்கள் பட்டதும் உண்டு. அப்போது ‘இது உள்விவகாரம், வெளியே பேசினால் சிறுபான்மைக்குத்தான் கெட்ட பெயர்’ என்று வாயை அடைத்தார்கள். நம் பெரியவர்கள் கேட்கவில்லை, பேசினார்கள். சிறுபான்மைக்குள் இன்னொரு சிறுபான்மை இருக்கலாம் என்று நான் தெரிந்துகொண்டது என் அம்மாவிடம்தான்.

அந்த வழக்கில் மத்திய அரசு இதை நகரத்து மேட்டுக்குடிப் பார்வை என்று எழுதிக் கொடுத்தது. தலைமை நீதிபதி சந்திரசூட் தன் தீர்ப்பில் அதை மறுத்து எழுதினார். எனக்கு அந்தத் தீர்ப்பு தேவைப்படவில்லை. என் ஞானமகள் லைன் வீட்டில் பிறந்தவள், தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறவள். அந்தப் பெண் வேன் ஓட்டுகிறவள். மழைக்காலத்தில் வீட்டுக்கு ஒழுகாத ஓடு போட மூன்று வருஷம் சீட்டுக் கட்டியவர்கள்.

தீர்ப்பு என்ன ஆயிற்று என்று பேரவையில் சிலர் சந்தோஷமாகச் சொன்னீர்கள். உண்மைதான். 2023 அக்டோபர் 17ஆம் தேதி, திருமணம் அடிப்படை உரிமை இல்லை என்பதில் ஐந்து பேரும் ஒன்றாக நின்றார்கள். திருமணம் இல்லாவிட்டாலும் துணைகளாகவாவது சட்டம் ஏற்க வேண்டுமா என்பதில் மூன்று பேர் இல்லை என்றும் இரண்டு பேர் ஆம் என்றும் சொன்னார்கள். இது நாடாளுமன்றத்தின் வேலை என்று விட்டுவிட்டார்கள். மறுசீராய்வு மனுக்களையும் 2025 ஜனவரியில் தள்ளிவிட்டார்கள். ஆனால் அதோடு கதை முடியவில்லை. 2024 ஆகஸ்டில் மத்திய அரசே, இப்படிச் சேர்ந்து வாழ்கிறவர்கள் வங்கியில் கூட்டுக் கணக்கு வைக்கலாம், ஒருவர் பெயரை மற்றவர் நியமனதாரராக எழுதலாம் என்று தெளிவுபடுத்தியது. ரேஷன் அட்டையில் ஒரே குடும்பமாகக் கொள்ளலாம் என்றும், வேறு சொந்தம் இல்லாதபோது இறந்தவரின் உடலைத் துணைவர் வாங்கிக்கொள்ளலாம் என்றும் மாநிலங்களுக்கு எழுதியது. நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் இரண்டு பெண்களின் வழக்கில், இந்த விஷயத்தைத் தானே ஒரு மனநல ஆலோசகரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகே தீர்ப்பு எழுதினார். மருந்து கொடுத்து, மந்திரம் போட்டு ‘மாற்றுகிறேன்’ என்று யாரும் இறங்கக் கூடாது என்றும் உத்தரவிட்டார். 2025 மே மாதம் அதே நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள், வீட்டில் அடைத்துவைக்கப்பட்ட ஒரு பெண்ணை விடுவித்து, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்று இல்லை என்றார்கள். இவ்வளவு நடந்தும் ராத்திரி பத்தரை மணிக்கு ஆஸ்பத்திரி மேசையில் ‘உறவு முறை’ என்ற கோட்டில் எழுத அவர்களுக்கு இன்னும் ஒரு சொல் இல்லை.

இனி நம் திருச்சபைக்கு வருகிறேன். எனக்கு மறைக்கல்வி நடத்திப் பழக்கம் உண்டு, அதனால் சுற்றி வளைக்க மாட்டேன். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டில் 2357ஆம் எண்ணில் தன்பாலின உறவுச் செயல்களை ஏற்க முடியாது என்று இருக்கிறது. பேரவையில் அதைத்தான் வாசித்தீர்கள். அதற்கு அடுத்த எண்ணை வாசிக்கவில்லை. 2358இல், இவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமான பாகுபாடு எதுவும் காட்டக் கூடாது என்று இருக்கிறது. ஒரே பக்கத்தில் இருக்கிற இரண்டு எண். ஒன்றை மட்டும் வாசித்துவிட்டு ஏட்டை மூடக் கூடாது என்று பிள்ளைகளுக்கே சொல்லியிருக்கிறேன்.

போப் பிரான்சிஸ் 2023 ஜனவரியில், தன்பாலீர்ப்பாளராக இருப்பது குற்றம் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அதே வருஷம் டிசம்பர் 18ஆம் தேதி, அவர் ஒப்புதலோடு உரோமையில் இருந்து ஒரு அறிக்கை வந்தது. இப்படிப்பட்ட இணையரும் கேட்டால் குரு ஆசீர்வதிக்கலாம் என்று அது சொல்கிறது. திருமணம் போலத் தோன்றக் கூடாது, சடங்குப் புத்தகம் கூடாது, கல்யாண உடுப்பு கூடாது. அடுத்த மாதமே கொடுத்த விளக்கத்தில் பத்துப் பதினைந்து வினாடி போதும் என்றார்கள். ஆப்பிரிக்க ஆயர்கள் இதை ஏற்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில்தான் என்ற போதனையை அந்த அறிக்கை மாற்றவில்லை. நானும் அதை மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை.

நான் கேட்பது ஒரு வீட்டை.

அவர்கள் இரண்டு பேரும் வாங்கிய மூன்று சென்ட் இடத்தில் வீடு கட்டி முடித்து எட்டு மாதம் ஆகிறது. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் கொஞ்சம் பீட்ரூட்டும் மலைப்பூண்டும். முன் அறையில் அந்தோணியார் படமும் மாரியம்மன் படமும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. வேன்காரப் பெண் இந்து. ‘எனக்கும் சேர்த்து உங்க சாமி வந்து தண்ணி தெளிச்சா போதும் டீச்சர்’ என்று அவள்தான் முதலில் கேட்டாள். நான் போய்ச் சாமியிடம் சொன்னேன். சாமி நாள் குறித்தார். குறித்த நாளைக்கு முன்னால் பேரவையில் இருந்து இரண்டு பேர் போய், ‘பங்கே கையெழுத்துப் போட்டிருக்கு, அந்த வீட்டுக்கு நீங்க போனா நல்லா இருக்காது’ என்று சொல்லியிருக்கிறீர்கள். அந்தத் தாளின் நகலையும் காட்டியிருக்கிறீர்கள். மூன்றாவது தாளில் என் பெயர் இருக்கிறதே, அதையும் சேர்த்துத்தான் காட்டியிருக்கிறீர்கள். சாமி இளவயசு. ‘கொஞ்ச நாள் பொறுங்க டீச்சர்’ என்றார். இரண்டு பேரும் அன்றைக்கு லீவு போட்டு, கேசரி கிண்டி வைத்து, வாசலில் கோலம் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். சாயந்தரம் கேசரியை லைனில் இருக்கிற பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நாம் எதையெல்லாம் மந்திரிக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். புது ஆட்டோவை மந்திரிக்கிறோம். கொழுந்து ஏற்றுகிற லாரியை, உப்பை, கிணற்றை, கடைக் கல்லாப்பெட்டியை மந்திரிக்கிறோம். போன வருஷம் ஒருவருடைய புது போர்வெல்லுக்குச் சாமி தீர்த்தம் தெளித்தார், தண்ணீர் வந்தது, நாம் எல்லோரும் கைதட்டினோம். அந்தக் கடையில் என்ன விற்கிறார்கள், அந்த லாரி எங்கே போகிறது, அந்த வீட்டுக்காரர் வட்டிக்கு விடுகிறாரா என்று கேட்டுவிட்டு நாம் தீர்த்தச் செம்பை எடுப்பதில்லை. மந்திரிப்பு என்பது நல்லவர்கள் என்று கொடுக்கிற சான்றிதழ் என்றால் என் வீட்டுக்கும் சாமி வர முடியாது.

பேரவையில் ஒருவர் என்னிடம் நேரில் கேட்டார்: ‘நம்ம பிள்ளைங்க இதைப் பார்த்துக் கெட்டுப்போக மாட்டாங்களா டீச்சர்?’ அக்கறையில் கேட்ட கேள்வி, அதனால் பதில் சொல்கிறேன். முப்பது வருஷ வகுப்பறையில் இப்படிப்பட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், அப்போது எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஒருவன் பத்தாம் வகுப்பில் திடீரென்று பேச்சை நிறுத்தினான். நல்ல குரல் அவனுக்கு, செய்யுளை ராகம் போட்டுச் சொல்வான். ஊரில் யாரோ அவனைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டார்கள். பரீட்சைக்கு முன்னால் திருப்பூர் போய்விட்டான், அப்புறம் இந்த மலைக்கு வரவே இல்லை. அவன் அம்மா சாகும்போதும் வரவில்லை. யாரையும் பார்த்து அவன் அப்படி ஆகவில்லை, பார்ப்பதற்கு அவன் முன்னால் ஒருவரும் இல்லை. தன்னைப் போல ஒருவர் இதே ஊரில் வீடு கட்டி, பூண்டு போட்டு, ஞாயிறு பூசைக்கு வந்து போகிறார் என்று பார்த்திருந்தால் அவன் இருந்திருப்பான் என்று நான் நம்புகிறேன். அவனுக்காகவும்தான் எழுதுகிறேன்.

இப்போது நான் கேட்பவை.

அந்தத் தாளில் இருந்து என் கையெழுத்தை எடுத்துவிடுங்கள். அடித்துவிட்டு, ‘திரும்பப் பெற்றார்’ என்று பக்கத்தில் எழுதி, தேதி போடுங்கள். தாளை இனி யாரிடம் காட்டினாலும் அந்த அடித்தலோடு காட்டுங்கள். என்னைப் போலத் தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் போட்டவர்கள் இன்னும் இருப்பார்கள். அவர்களுக்குப் பொடி எழுத்தை வாசித்துக் காட்டுங்கள், பிறகு அவர்கள் இஷ்டம். போட்டது போட்டதுதான் என்று ஒருவர் சொன்னால் அவரோடு எனக்குச் சண்டை இல்லை.

நம் உரிமைக்காக நாம் பேசும்போது, ஆகஸ்ட் 10க்காகவும் பள்ளிக்கூடங்களுக்காகவும் கல்லறை நிலத்துக்காகவும் நான் எப்போதும் முன் வரிசையில் நிற்பேன். இத்தனை நாளும் நின்றேன். பதிவாளர் அலுவலகத்தில் இன்னொருவர் கேட்கிற கையெழுத்தைத் தடுக்க அந்தச் சிறுபான்மை என்ற பெயரை இனிமேல் எடுக்க வேண்டாம் என்று கேட்கிறேன். அந்தப் பெயரில் என் அம்மாவின் கப்பல் பயணமும் இருக்கிறது.

பாடகர் குழுவில் கீபோர்டு இன்னும் சக்ரீஸ்தில் தான் இருக்கிறது. இப்போது வாசிக்கிற பையனுக்கு ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’ தவிர வேறு சரியாக வரவில்லை, பாவம் அவனும் கேட்கிறான் அக்கா எப்போ வருவாங்க என்று. யாராவது போய் அவளைக் கூப்பிடுங்கள். நான் கூப்பிட்டால் வர மாட்டாள், நான் மூன்றாவது தாள். உங்களில் ஒருவர் கூப்பிட வேண்டும்.

அப்புறம் வீடு. பக்கத்துக் குடும்பங்கள் வீட்டில் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டம் இந்த மாதம் எங்கள் முறை. என் வீட்டில் வைக்காமல் அவர்கள் வீட்டில் வைக்கிறோம், கேட்டாகிவிட்டது, சரி என்று சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை சாயந்தரம். சாமிக்குத் தனியாகவும் சொல்லியிருக்கிறேன். அங்கி வேண்டாம், புத்தகம் வேண்டாம், தீர்த்தச் செம்பு மட்டும் போதும். பதினைந்து வினாடி.

பஸ் நிறுத்தத்தில் இறங்கி, டீக்கடைக்குப் பின்னால் தேயிலைக்குள் போகிற ஒற்றையடிப் பாதை. மழை பெய்திருந்தால் வழுக்கும், அட்டையும் இருக்கும். வாசலில் உப்பு வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஐந்தரைக்குள் வந்துவிடுங்கள். ஆறு மணிக்கு மேல் காட்டுமாடு பாதையில் வந்து நின்றுவிடுகிறது, அது போகிற வரை காத்திருக்க வேண்டியதாகிவிடும். திரும்பும்போது இருட்டிவிடும் என்பதால் வேனில் எல்லோரையும் ரோடு வரை கொண்டுவந்து விடுவதாக அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் டீச்சர்